ஐயா காலத்து ஜீப்பை வீட்டிலேயே ஓட வைக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்து ஊர். ஐயா (தாத்தா) 1960களில் வாங்கிய மகிந்திரா பெட்ரோல் ஜீப், பானெட் உயரமான வகை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்கொட்டகையில் பல வருடமாக அப்படியே நிற்கிறது. கேட்ட தம்பிக்குச் சென்னையில் வேலை, மாதத்தில் இரண்டு வாரக் கடைசிதான் ஊருக்கு வர முடியும். வண்டியை நட்டு போல்ட் வரை கழற்றி, சேஸிஸை (அடிச்சட்டத்தை) மொட்டையாக்கி, புதுசு போல ஆக்க ஆசை. வீட்டிலேயே முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும் தம்பி. வீட்டில் வைத்து வேலை பார்க்க ஜீப்பைவிடத் தோதான வண்டி கிடையாது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, பானெட்டைத் திறந்தால் கை நுழையாத இடம் இல்லை. ஆனால் அந்த மொட்டையடிக்கிற ஆசையை மட்டும் தள்ளி வையுங்கள். நம் பக்கத்தில் பாதியில் நின்றுபோன ஜீப்புகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே கதைதான். எஞ்சின் ஒரு லேத்தில், பாடி ஒரு டிங்கரிங் பட்டறையில், கியர்பாக்ஸ் சாக்குப்பையில், நட்டு போல்ட் எல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவில். ஆறு மாதத்தில் வேலை மாறுகிறது, கல்யாணம் வருகிறது, எது எங்கே என்று மறந்துபோகிறது. கடைசியில் காயலான்கடைக்காரர் எடைபோட வருகிறார். மாதத்தில் நாலு நாள் மட்டும் கையில் இருக்கிறவர் வண்டியை எப்போதும் முழு வண்டியாகவே வைத்திருக்க வேண்டும். ஒரு பாகத்தைக் கழற்றுங்கள், சரிசெய்யுங்கள், பூட்டுங்கள், அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். முதலில் பிரேக், அப்புறம் ஸ்டியரிங், அப்புறம் எஞ்சின். பெயிண்ட் கடைசியில், அதுவும் அப்போது வேண்டுமென்று தோன்றினால்.

பானெட் உயரம் என்று சொன்னதால் அது சிஜே 3பி என்ற மாடல். மகிந்திரா 1947ல் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. சிஜே 3பி அமெரிக்காவில் 1953ல் வந்து 1968ல் நின்றது. இங்கே அதே உருவம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. பானெட் உயர்ந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹரிகேன் எஞ்சின். அதற்கு முந்தையதில் வால்வுகள் அத்தனையும் பிளாக்கிலேயே இருந்தன. இதில் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் பிளாக்கில், இன்லெட் வால்வு மேலே ஹெட்டில். ஹெட் உயர்ந்தது, பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 4 சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) சிறிது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) நீளம், அதனால் இழுவை அதிகம், வேகம் கம்மி.

ஐயா வாங்கியபோது இருந்த எஞ்சின்தான் இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஊர் முழுக்க ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் மாற்றினார்கள், சிலர் வேறு பெட்ரோல் எஞ்சினை ஏற்றினார்கள். ஹரிகேனில் எஞ்சின் எண், முன்பக்கம் வாட்டர் பம்ப் உட்காரும் இடத்தை ஒட்டிப் பிளாக்கில் பொறித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் அப்படியே. இது பொருந்தவில்லை என்றால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

காகித வேலையைக் கடைசிக்கு விட்டுவிட்டு அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் காலத்து ஆர்.சி.யில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கக்கூடும், சிவகங்கை மாவட்டம் 1985ல்தானே பிரிந்தது. கையால் எழுதிய அந்தப் பதிவு பெரும்பாலும் ஆன்லைனில் ஏறியிருக்காது. அதை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் போலீஸில் சான்று வாங்கிப் படிவம் 26. உரிமையாளர் காலமாகிவிட்டதால் பெயர் மாற்றப் படிவம் 31, கூடவே வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல். வீடே பல புள்ளிக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தம், கொட்டகையில் நிற்கிற ஜீப்பைப் பற்றி இத்தனை வருடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நீங்கள் பணம் போட்டு அது ஓட ஆரம்பித்ததும் மலேசியாவில் இருக்கிற பெரியப்பாவுக்கும் அது ஞாபகத்துக்கு வரும். அடுத்த படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் நாள்) கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும்போது கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிய 2021ல் விதி வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதிய எண் என்றால் அதில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று அளவாகத்தான் அனுமதி. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றையும் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் குடும்பத்தோடு போய்வர நினைத்தால் பழைய பதிவையே புதுப்பிப்பதுதான் சரி. அதற்குப் படிவம் 25, வாகன ஆய்வாளரின் சோதனை. சோதனைக்கு வண்டி ஓடியாக வேண்டும், அதனால் காகிதமும் வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கட்டும்.

இடத்துக்கு உங்களுக்குக் குறைவில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் இருக்கிற வீடு. இரண்டே விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைப்பக்கம் எண்ணெய் வேலையைக் கொண்டுபோகாதீர்கள். அது சிமெண்ட் கல், பழைய எஞ்சின் ஆயிலைக் குடித்தால் அந்தக் கறை போகாது. அப்புறம், எஞ்சினைத் தூக்க உத்திரத்தில் சங்கிலி கட்டுகிற வேலை வேண்டாம். பர்மாத் தேக்கு தாங்கும் என்பார்கள், ஆனால் அது எத்தனை வருடமாக எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, கரையான் எதுவரை போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது. எஞ்சின் சுமார் 200 கிலோ. மூன்று இரும்புக் குழாய் முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுத்தால் போதும். கொட்டகைத் தரை மண்ணாக இருந்தால் ஒரு வண்டி அளவுக்காவது கான்கிரீட் போட்டுவிடுங்கள். மண் தரையில் ஜாக்கி சாயும். வண்டிக்குக் கீழே படுக்கும்போது ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு போட வேண்டும், செங்கல்லை அடுக்கக் கூடாது.

கருவிகளில் ஒன்று கவனம். இது அமெரிக்க வடிவம், அதனால் நட்டுகள் இஞ்ச் அளவு. வீட்டில் இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகினால் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். அரை இஞ்ச், ஒன்பது பதினாறு, முக்கால் இஞ்ச் என்று ஒரு இஞ்ச் செட் வாங்குங்கள். பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரை. ஸ்டட்டின் முனையில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு.

இனி பிரேக். இதை எஞ்சினுக்கு முன்னால் சொல்வது பலருக்கும் விசித்திரமாக இருக்கும், எல்லாருக்கும் எஞ்சின் சத்தம் கேட்கத்தான் ஆசை. ஆனால் எஞ்சின் ஓடிவிட்டால் அன்றைக்கே வண்டியைத் தெருவில் எடுப்பீர்கள், யார் தடுத்தாலும் எடுப்பீர்கள். அதனால்தான் பிரேக் முதலில். நாலு சக்கரமும் டிரம் பிரேக், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, குழாய் வழியும் ஒன்றே. எங்காவது ஒரு ஓஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இத்தனை வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து, சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர் உங்கள் காலடியில், ஃப்ளோருக்குக் கீழே சேஸிஸில் இருக்கிறது, மேலே ஒரு சின்னத் தகட்டைத் திறந்துதான் ஆயில் ஊற்ற வேண்டும். அந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் சேராமல் இருந்திருக்காது.

ரப்பர் எது கண்ணில் பட்டாலும் மாற்றுங்கள். சிலிண்டர் உட்சுவரில் விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் ரப்பர் கிட் போட்டுப் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். இரும்புக் குழாய்களை மொத்தமாகப் புதிதாக இழுத்துவிடுங்கள். பிரேக்குக்கென்று வரும் குழாய்தான் வேண்டும், ஏ.சி. மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாய் ஆகாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால் டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டியில் பெடல் வலது பக்கம் என்பதால் அது பின் இடது. ஹேண்ட் பிரேக் இந்த ஜீப்பில் பின்சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், ஷாஃப்ட்டைப் பிடிக்கிற ஒரு தனி டிரம். ஆயில் சீல் கசிந்து அந்த டிரம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். கால் பிரேக் கைவிட்டால் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், ஆகவே சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றிவிட்டுக் கடக்காதீர்கள்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லாத பழைய ஜீப் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒருவரை உள்ளே உட்காரவைத்து வளையத்தை மெல்ல இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வையுங்கள். ஸ்டியரிங் பாக்ஸ், பெல்கிராங்க் (நடு நெம்புகோல்), டை ராடு எண்ட் (திருப்பும் கம்பியின் முனை மூட்டு), கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) என்று வரிசையாகப் போனால் எது கையில் தனியாகத் துள்ளுகிறதோ அதுதான் ஆள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எல்லாம் சேர்ந்து வளையத்தில் கால் சுற்று ஆகிவிடும். எல்லாரும் முதலில் பாக்ஸை இறுக்குவார்கள். நடுவில் தேய்ந்த பாக்ஸை இறுக்கினால் திருப்பத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும், அது ஆட்டத்தைவிட ஆபத்து. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்கிற வியாதி இந்த ஜீப்புக்கு உண்டு. பெரும்பாலும் கிங் பின் ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) தளர்ந்ததும், டை ராடு எண்ட் தேய்ந்ததும், டயர் பொருந்தாததும் சேர்ந்து செய்கிற வேலை. முன்சக்கரங்களின் டோ-இன் (முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 1 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நூலும் டேப்பும் வைத்து வீட்டிலேயே அளக்கலாம்.

இப்போது எஞ்சினுக்கு வரலாம். தயவுசெய்து சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள், டிராக்டரில் கட்டி இழுத்து கியரில் விட்டும் பார்க்காதீர்கள். ஊரில் யாராவது ஒரு பெரியவர் அதைத்தான் சொல்வார். நின்றுபோன எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். ஹரிகேனில் கூடுதலாக, பிளாக்கில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுகள் தூக்கிய நிலையிலேயே இறுகியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், வால்வைத் தள்ளும் டேப்பட் நொறுங்கும், நல்ல பிளாக் நாசமாகும். ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, அடுத்த முறை ஊருக்கு வரும்வரை ஊறட்டும். பக்கவாட்டில் டேப்பட் மூடியைக் கழற்றி வால்வுத் தண்டுகளுக்கும் அதையே விடுங்கள். எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் வாய்களில் குளவி கூடு கட்டியிருக்கும், எலி துணியும் பஞ்சும் சேர்த்திருக்கும், அதையெல்லாம் முதலில் எடுக்க வேண்டும்.

அப்புறம் முன்னால் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு, முன்னும் பின்னுமாக ஒரு விரல் அளவு அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வென்றீர்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஊற வையுங்கள். அவசரமில்லாத ஆளுக்குத்தான் இந்த எஞ்சின் மசியும், அந்த வகையில் மாதம் இரண்டு முறை வருகிறவர் என்பது உங்களுக்குச் சாதகம். முழுச் சுற்று சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடியுங்கள். அடியில் தண்ணீர் வந்தாலோ, மோர் நிறத்தில் வந்தாலோ ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் மோட்டாரில் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் பிளக்கைப் போடுவது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். மொத்தம் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று சதுர இஞ்சுக்கு 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசப்படாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட்டுக்கு 18 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் 18 பங்கு), எக்ஸாஸ்டுக்கு 16 தவ். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 20, பிளக் 30. ஃபயரிங் வரிசை 1, 3, 4, 2. பாயிண்டும் கண்டென்சரும் புதிதாகப் போட்டால் பாதி ஸ்டார்ட்டிங் தகராறு தீர்ந்துவிடும். ஓடும்போது ஆயில் பிரஷர் 35 பவுண்டு பக்கம் நின்றால், புகையும் அளவோடு இருந்தால், எஞ்சினை இறக்கவே இறக்காதீர்கள். நிறையப் பேர் நன்றாக ஓடுகிற எஞ்சினைச் ‘சும்மா ஒரு தடவை’ பிரித்து, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கப் போர் அடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரிஜினல் அளவில் இருக்கிற பிளாக் இனிமேல் கிடைக்காது. ஒருமுறை போர் போட்டால் ஒரு உயிர் குறைகிறது. உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கிராங்க் கிரைண்டிங், போரிங் வேலைக்கு மதுரை அல்லது திருச்சிக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். ஆளனுப்பினால் பிஸ்டன் வாங்கும் முன்னாலேயே போர் அடித்து வைத்துவிடுவார்கள். பிஸ்டன் கையில் வந்து, அதை அளந்து, அப்புறம்தான் போர்.

தண்ணீர் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு, குடத்தில் என்ன செய்கிறது என்று உங்கள் ஆயாவை (பாட்டியை) கேட்டால் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் அந்தக் காலத்து டிரைவர்கள் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடுகளாக இருக்கும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே படிந்திருக்கும் சேற்றைக் கம்பியால் கிண்டி, குழாயால் அடித்துக் கழுவுங்கள். கடைசிச் சிலிண்டர் பக்கம்தான் அதிகம் அடைந்திருக்கும். பித்தளை ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டு அலுமினியம் வாங்காதீர்கள், அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் இன்னும் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.

பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அதாவது நீங்கள் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டப்போகிறீர்கள். உள்ளே துரு இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது, காலியாகத் தெரிகிற டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். ரேடியேட்டர், டேங்க் வேலை மட்டுமே பார்ப்பவரிடம் கொடுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அது அரிக்கும், ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், ஓஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக வாங்குங்கள். சென்னைக்குத் திரும்பும்போது டேங்கில் பாதி விட்டுவிட்டுப் போகாதீர்கள், வடித்துவிடுங்கள்.

கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் திறக்காமலே தப்பித்துவிடலாம், சத்தம் இல்லாவிட்டால். ஆயில் மட்டும் மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்குக் கடைக்காரர் ஜிஎல்-5 ஆயில் கொடுப்பார், அது உள்ளே இருக்கும் பித்தளைச் சின்க்ரோ ரிங்குகளுக்கு (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையங்கள்) ஆகாது. ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போய்விடும், அதனால் ஒன்றில் குறைந்து மற்றதில் ஏறினால் பயப்பட வேண்டாம், சீல்தான். வைரிங்கை மொத்தமாகப் பிய்த்து எறிந்து புதிதாக இழுக்கலாம். மொத்தமே பத்துப் பதினைந்து கம்பி. ஃபியூஸ் பெட்டியும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும் சேர்த்துவிடுங்கள். எலி கடித்த கம்பியில் வீட்டுக் கொட்டகையே போனதுண்டு. 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்பைப் பார்த்துவிட்டுப் பேட்டரி வாங்குங்கள்.

துருவுக்கு வந்தால், கடற்கரை ஜீப்புகளைப் போல நம் பக்கத்தில் உப்புக் காற்றால் பாடி முழுக்க அரிக்காது. தண்ணீர் தங்கும் இடத்தில்தான் அரிக்கும். ஃப்ளோர் மிதியடிக்குக் கீழே, ஃப்ளோருக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல்கள், பின் ஃபெண்டர் மூலை. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறும் இடத்தில் வேலை இருக்கிறது. அழுகியதை வெட்டிப் புதுத் தகடு பற்றவைப்பதுதான் வழி. பட்டி வைத்து மேலே இழுத்துவிடுகிற டிங்கரிங்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அடுத்த ஐப்பசியில் கொப்புளம் கிளம்பும்.

சின்னச் சாமான்களின் துருவை எடுக்க மின்பகுப்பு முறை அருமையானது. காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியக் கூடாது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953ல் திறக்கப்பட்டது. உலோக அரிமானம் அவர்கள் ஆராய்கிற முக்கியத் துறைகளில் ஒன்று. வீட்டு அளவில் செய்ய ஒரு பிளாஸ்டிக் டிரம், தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பேட்டரி சார்ஜர் போதும். நெகட்டிவ் முனை துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் முனை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டில், இரண்டும் தொடாமல். ஒரு ராத்திரியில் துரு கறுத்துக் கழன்று வரும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடக்கூடாது, அதிலிருந்து குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே வெளியே திறந்த இடத்தில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல். ஸ்பிரிங் பட்டை, கடினப்படுத்திய போல்ட் இதில் போடக்கூடாது. ஹைட்ரஜன் உள்ளே ஏறி அவை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கார்புரேட்டர், அலுமினியச் சாமான்களும் கூடாது. எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர். ஒரு நாள் விட்டால் மறுபடி மஞ்சள் பூக்கும்.

பெயிண்ட் பற்றி உங்கள் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஐயா காலத்து நிறம் ஓரிடத்திலாவது, டேஷ்போர்டுக்கு உட்பக்கமோ சீட்டுக்கு அடியிலோ, மிச்சம் இருந்தால் தின்னரால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். அந்த மங்கிய நிறத்தோடு ஓடுகிற ஜீப்புக்கு இருக்கிற மரியாதை, பளபளவென்று ராணுவப் பச்சை அடித்து நட்சத்திரம் ஒட்டியதற்கு இல்லை. அடித்தே தீர வேண்டுமென்றால் மாசி பங்குனியில், காலை நேரம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வேண்டாம். இரண்டு டப்பா கலக்கும் பி.யூ. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலுக்கு ஆகாத ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அதை அடிக்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

சாமான் தேட அதிகம் அலைய வேண்டியிருக்காது, இந்தியாவில் இந்த ஜீப்புக்கு இன்னும் பாகங்கள் செய்கிறார்கள். சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் காஷ்மீரி கேட். பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலியில் முழு ஜீப்பையே புதிதாகக் கட்டித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அங்கே பாடித் தகடு வாங்கலாம், வண்டியாக வாங்கினால் காகிதம் உங்களைத் துரத்தும். டூப்ளிகேட் பேரிங், டை ராடு எண்ட் இரண்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பாகம் எதையும், புதியது பொருந்தி ஓடும்வரை தூக்கிப் போடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைப் பக்கத்திலிருந்து யாராவது வந்து ஹெட்லைட்டையும் மீட்டரையும் நல்ல விலைக்குக் கேட்பார்கள். ஹோட்டல் வாசலில் அலங்காரத்துக்கு முழு ஜீப்பையே கேட்கிறவர்களும் உண்டு. அதற்குக் கொடுத்தால் டயரைச் சிமெண்டில் புதைத்து உள்ளே செடி வைப்பார்கள்.

ஓட ஆரம்பித்ததும் முதலில் கண்மாய் காய்ந்திருக்கும் மாதத்தில் உள்ளே இறக்கிப் பாருங்கள். முன் ஆக்ஸிலைச் சேர்த்து, லோ கியரில், செம்மண்ணிலும் சரளையிலும். ஃபோர் வீல் டிரைவைத் தார் ரோட்டில் போடக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும், மண்ணில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அந்த முறுக்கு கியரிலும் ஜாயிண்டிலும் ஏறும். ரோட்டில் வேகத்தைப் பொறுத்தவரை, இதன் ஆக்ஸில் விகிதம் 5.38 (ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), டயர் 6.00-16. எஞ்சின் 2,500 சுற்றில் போகும்போது மணிக்கு 63 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் திருச்சி ரோட்டில் கார்களோடு போட்டி போட்டால் வண்டியும் கத்தும், நீங்களும் கத்துவீர்கள். ஓவர்டிரைவ், பவர் ஸ்டியரிங் எல்லாம் ஒரு வருடம் இப்படியே ஓட்டிய பிறகு யோசிக்கலாம்.

அடுத்த வாரக் கடைசி வரும்போது எஞ்சின் எண், சேஸிஸ் எண், ஆர்.சி.யின் முதல் பக்கம், நாலு டிரம்மும் கழற்றிய நிலையில் உட்பக்கம், இவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். வீல் சிலிண்டர் எந்த அளவு என்று பார்த்துச் சொல்கிறேன், அதை வைத்து மதுரையில் கிட் வாங்கிவிடலாம்.